குறிப்புக் கட்டத்தில் ஒரு தங்கை

இரண்டு பேரும் ஒன்றாக வந்து என் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தபோது நான் முதலில் செய்தது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததுதான்.

"துடைக்காதீங்க தம்பி. ரெண்டு பேர்தான்," என்றார் இடப்பக்கம் இருந்தவர்.

"எங்களைப் பெத்தவளே காதைப் பார்த்துத்தான் கூப்பிடுவா," என்று வலப்பக்கம் இருந்தவர் தன் காது மடலைத் திருப்பிக் காட்டினார். அங்கே மிளகளவு ஒரு மச்சம் இருந்தது. மற்றபடி மூக்கு, முன்பல், நரையின் கோடு, உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் விதம் எல்லாம் ஒரே அச்சு.

மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே என் மேசை. பக்கத்தில் நகல் எடுக்கும் கடை. மனு எழுதுவது தொழில். எழுதுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்பேன்: என்ன வேண்டும், யாரிடமிருந்து வேண்டும், எதற்குள் வேண்டும். மூன்றுக்கும் பதில் வந்த பிறகுதான் பேனாவின் மூடியைத் திறப்பேன். பாதிப் பேர் முதல் கேள்விக்கு 'நியாயம் வேண்டும்' என்பார்கள். அந்தக் கட்டடத்தில் பதினோரு கவுண்டர்கள் உண்டு. நியாயத்துக்கென்று ஒன்று இல்லை.

இவர்கள் அப்படி இல்லை.

"என்ன வேணும்?" என்றேன்.

"கல்லை எடுக்கணும்," என்றார் மச்சம் இல்லாதவர். "பித்தப்பையில ரெண்டு கல்லு. போன மாசம் வலி வந்து தையல்கூடத்துலயே சுருண்டுட்டேன். மூணு மாசத்துக்குள்ள பையோட எடுத்துடணும், இன்னொரு தடவை வந்தா காமாலையில கொண்டு போய் விடும்னு டாக்டர் சொல்லிட்டார்."

"யார்கிட்டேயிருந்து?"

"இவங்ககிட்டதான்," என்று கண்ணை மாடிப்படிப் பக்கம் உயர்த்தினார். "என்னை இலவசப் பிரிவுல சேர்க்கணும்."

காப்பீட்டில் மூன்று பிரிவு. மாதச் சம்பளக்காரர்களுக்குச் சம்பளத்திலேயே சந்தா பிடித்துவிடுவார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், ஊனமுற்றோர், வறியோர் பட்டியலில் உள்ளவர்கள், அறுபது முடிந்தவர்கள் ஆகியோருக்கு அரசே சந்தாவைக் கட்டும். இதைத்தான் இலவசப் பிரிவு என்பார்கள். இரண்டிலும் சேராதவர்கள் தாமே கட்டிச் சேரலாம். ஆனால் அப்படிச் சேர்ந்தால் அறுவை சிகிச்சைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். நோய் வந்த பிறகு ஓடிவந்து சேருகிறவர்களைத் தடுக்க அந்த விதி. நோய் வருமென்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி என்று விதியில் எழுதவில்லை.

"வறியோர் பட்டியல்ல பேர் இல்லையா?"

"கணக்கெடுக்க வந்தப்ப வீட்ல கரண்டு தையல் மிஷின் இருந்துச்சு. அது கூடத்து மிஷின், ரிப்பேருக்கு வந்தது. எழுதிட்டுப் போயிட்டாங்க."

அதற்கு வேறு மனு, வேறு அலுவலகம், குறைந்தது எட்டு மாதம். அதைத் தள்ளிவைத்துவிட்டு வயதைக் கேட்டேன்.

"அம்பத்தொம்பது. அறுபதுக்கு இன்னும் பத்து மாசம்."

"உங்களுக்கு?" என்று மச்சக்காரரைக் கேட்டேன்.

"அறுபது முடிஞ்சு ரெண்டு மாசம். எனக்கு அட்டை இருக்கு. சக்கரைக்கு மாசாமாசம் ஊசி மருந்து இதுலதான் வாங்கறேன்."

பேனாவின் மூடியைத் திறந்துவிட்டு மறுபடி மூடினேன்.

"இரட்டைப் பிள்ளைங்கதானே நீங்க?"

"ஆமா."

"அப்புறம் எப்படி ஒருத்தருக்கு அறுபது, ஒருத்தருக்கு அம்பத்தொம்பது?"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சு விட்டார்கள். "அதைத்தான் தம்பி இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல," என்றார் மச்சக்காரர்.

இன்னொன்றும் இருந்தது. ஐம்பத்தொன்பது வயதுக்காரர்தான் மூத்தவர். பத்து நிமிடம் முந்திப் பிறந்தவர். தெருவில் அவரைப் பெரியக்கா என்றும் மச்சக்காரரைச் சின்னக்கா என்றும் கூப்பிடுகிறார்கள். இருவரும் ஒரே தையல்கூடத்தில் வேலை. பெரியக்கா சட்டைகளுக்குக் கையால் காஜா எடுக்கிறார், சின்னக்கா இஸ்திரி போடுகிறார். கூடத்துக்குப் பின்னாலேயே இரண்டு அறையில் குடியிருக்கிறார்கள். என் குறிப்பேட்டில் வழக்கம்போல ஒரு வரி எழுதினேன்: 'பெரியவர் 59. சின்னவர் 60.' எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு வரி எழுதியதில்லை.

"தம்பிகிட்ட மறைக்காம சொல்லிடு," என்றார் பெரியக்கா.

"நீயே சொல்லு. போனது நீதானே."

"போகச் சொன்னது யாரு?"

கடைசியில் சின்னக்காதான் சொன்னார். "என் அட்டையை எடுத்துக்கிட்டுப் போ, என் பேரைச் சொல்லு, யாருக்குத் தெரியும்னு நான்தான் அனுப்பினேன். கூடவும் போனேன். ஆஸ்பத்திரியில கேமராவுல முகத்தைக் காட்டினா, பச்சை விளக்கு. சரி, ஆச்சுன்னு பார்த்தா விரலை வைங்கன்னார். வெச்சா சிவப்பு. துடைச்சு வெச்சாலும் சிவப்பு. வேற ரெண்டு விரல், அதுவும் சிவப்பு."

"பதிவு மேசைக்காரர் என்ன சொன்னார்?"

"எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தார். 'நான் டீ குடிக்கப் போறேன். திரும்பி வரும்போது நீங்க இங்க இருக்கக் கூடாது'ன்னார். நல்ல மனுஷன்."

"நல்லவேளை விரல் ஒத்துப்போகல," என்றேன். "போயிருந்தா உங்க அக்கா பித்தப்பை உங்க பேர்ல வெளியில வந்திருக்கும். நாளைக்கு உங்களுக்கே கல்லு வந்தா, இல்லாத பையில எப்படிம்மா கல்லுன்னு கேப்பாங்க."

பெரியக்கா சிரித்தார். சிரிப்புப் பாதியில் நின்று கை வலது விலாவுக்குப் போனது. அப்போதுதான் 'எதற்குள் வேண்டும்' என்ற என் மூன்றாவது கேள்விக்கு முழுப் பதிலும் கிடைத்தது.

இருவரிடமும் இருந்த ஒரே வயதுச் சான்று பள்ளிச் சான்றிதழ். அதை வைத்துத்தான் அடையாள அட்டை, அதை வைத்துத்தான் காப்பீடு. சான்றிதழ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நாளும் மாதமும் ஒன்று. வருடத்தின் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூட.

"பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சு? ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு," என்றார் பெரியக்கா. "அப்பா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனார். ஒரே துணியில தெச்ச சட்டை. தலைமை வாத்தியார் எங்களைப் பார்த்தார். ஒருத்தியை வெளியில நிக்க வெச்சு, ஒருத்தியை உள்ள கூப்பிட்டு, மறுபடி மாத்திக் கூப்பிட்டு, 'நீ யாரு'ன்னு கேட்டார். நான் பேரைச் சொன்னேன். இவளும் என் பேரையே சொன்னா."

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"இவ விளையாட்டுல எனக்கு ஒரு வருஷம் போச்சு. வாத்தியார் அப்பாகிட்ட, 'ஒரு வகுப்புல இது ரெண்டையும் வெச்சு என்னால மேய்க்க முடியாது. ஒண்ணை இந்த வருஷம் விடு, இன்னொண்ணை அடுத்த வருஷம் கொண்டா'ன்னுட்டார். இவ அப்பா கையை விட்டுட்டு உள்ள ஓடிட்டா. நான் பிடிச்ச கையை விடல. அதனால இவ மொதல்ல."

"அடுத்த வருஷம் போனப்ப உங்களுக்கு ஆறு வயசு."

"ஆறுதான். ஆனா ஒண்ணாங்கிளாஸ்ல சேர்க்கணும்னா அஞ்சு முடிஞ்சிருக்கணும், ஆறு முடியக் கூடாதுன்னு அப்ப ஏதோ உத்தரவாம். வாத்தியாரே ஒரு வருஷத்தைக் குறைச்சு எழுதிக்கிட்டார். அப்பா வீட்ல வந்து பெருமையா சொன்னார், புள்ளைக்கு ஒரு வயசு லாபம்னு."

எனக்கு அந்த வாத்தியாரின் மீது கோபம் வரவில்லை. யார் யாரென்று தெரியாததால் ஒருத்தியை ஒத்திவைத்தார். ஒத்திவைத்ததை ஒழுங்காக்க ஒரு தேதியைத் திருத்தினார். இரண்டுமே அவருக்கு அன்றைய நாளைக் கடக்கும் வேலைகள். இன்றைக்கு மூன்றாம் மாடியில் ஒரு கணினி அந்தத் தேதியைச் சத்தியவாக்காக எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் ஒரு ஆபத்தை அவர்களிடம் சொல்லியாக வேண்டியிருந்தது.

"இரட்டைப் பிள்ளைன்னு நாம நிரூபிச்சா, ரெண்டு தேதியில ஒண்ணு தப்புன்னு ஆகும். எது தப்புன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. பெரியக்கா தேதியை முன்னால கொண்டு போனா ரெண்டு பேருக்கும் அறுபது. சின்னக்கா தேதியைப் பின்னால தள்ளினா ரெண்டு பேருக்கும் அம்பத்தொம்பது. அப்ப இந்த அட்டையும் பத்து மாசத்துக்குப் போயிடும்."

பக்கத்தில் நகல் இயந்திரம் தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது.

"அப்ப வேணாம்," என்று பெரியக்கா எழுந்துவிட்டார். "அவளுக்கு ஊசி மருந்து ஒரு வாரம் நின்னாலே கண்ணு இருட்டிக்கிட்டு வரும். இத்தனை நாளா இருந்த கல்லு இன்னும் பத்து மாசம் இருந்துட்டுப் போகட்டும்."

"இருந்துட்டுப் போறதுக்கு அது என்ன வாடகைக்கா இருக்கு?" சின்னக்கா அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "தம்பி, நீங்க எழுதுங்க."

"எழுதாதீங்க."

"எழுதுங்க தம்பி. இவ பேச்சைக் கேட்டா இவளுக்குக் காரியம் செய்யறதுக்கு வேற மனு எழுத வேண்டி வரும்."

நான் மனு எழுதவில்லை. அன்று ஒரு கடிதம் மட்டும் எழுதினேன், அவர்கள் படித்த பள்ளிக்கு. சேர்க்கைப் பதிவேட்டில் இருவருடைய வரிகளின் நகலும் வேண்டும் என்று கேட்டு, சேர்ந்த வருடங்களைக் குறிப்பிட்டு, அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'குறிப்புக் கட்டம் உட்பட முழு வரியையும் நகலெடுத்து அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.' இந்த வரியை நான் எந்தப் பதிவேட்டுக்கு எழுதினாலும் விடுவதில்லை. மற்றக் கட்டங்களில் கேட்டதை எழுதுவார்கள். கடைசிக் கட்டத்தில்தான் மனத்தில் இருந்ததை எழுதுவார்கள். தபால்தலை ஒட்டிய பதில் உறையும் வைத்தேன். பதில் வந்த பிறகு மனுவைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம் என்று சொன்னதும் பெரியக்கா கையெழுத்துப் போட்டார். காஜா ஊசி குத்திக் குத்தி விரல் நுனி தடித்துப்போயிருந்தாலும், கையெழுத்து நூல் கோத்தாற்போல் இருந்தது.

பதினெட்டு நாள் பதில் இல்லை. இதற்கிடையில் ஒருநாள் சின்னக்கா மட்டும் வந்தார். முந்தின மதியம் அக்காவுக்கு மறுபடி வலி வந்து, கூடத்தில் துணிக் கட்டுகளின்மேல் இரண்டு மணி நேரம் படுத்திருந்ததாகச் சொன்னார். "என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எல்லார்கிட்டேயும் சொல்லி வெச்சிருக்கா. எல்லாரும் என்னை அக்கான்னு நினைச்சு, 'வலி எப்படி இருக்கு'ன்னு என்கிட்டயே கேட்டாங்க."

பத்தொன்பதாம் நாள் உறை வந்தது. அந்தப் பள்ளி இப்போது வேறொரு பள்ளியோடு சேர்ந்துவிட்டதாம். பழைய பதிவேடுகள் இரும்பு அலமாரியில் இருந்ததால் பிழைத்தன என்று இப்போதைய தலைமை ஆசிரியை ஒரு துண்டுத்தாளில் எழுதி, 'எங்களுக்கே இதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது' என்று முடித்திருந்தார். ஏன் வேடிக்கை என்று நகலைப் பிரித்ததும் தெரிந்தது.

சின்னக்காவின் வரி முதல் வருடத்தில் இருந்தது. வயது: ஐந்து முடிந்தது. வகுப்பு: ஒன்று. குறிப்பு: ஒன்றுமில்லை.

பெரியக்காவின் வரி அடுத்த வருடத்தில். வயது: ஐந்து முடிந்தது. வகுப்பு: ஒன்று. குறிப்புக் கட்டத்தில், சாய்வான சிறிய எழுத்தில்: 'தங்கை இரண்டாம் வகுப்பில் உள்ளாள். இருவரையும் எக்காலத்தும் ஒரே வகுப்பில் வைக்க வேண்டாம்.'

தங்கை.

ஒரு கட்டத்தில் பொய் எழுதிய கை, நாலு கட்டம் தள்ளி உண்மையை எழுதியிருந்தது. சகோதரி என்று எழுதியிருந்தால் முடிந்தது கதை. அந்தச் சொல்லுக்கு வயது கிடையாது. தங்கை என்றால் பின்னால் பிறந்தவள். பின்னால் பிறந்தவள் எப்படி ஒரு வருடம் முன்னால் பிறந்திருக்க முடியும்?

சகோதரிகளுக்கு ஆள் அனுப்பி வரவழைத்து வாசித்துக் காட்டினேன். பெரியக்கா தங்கை என்ற இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். சின்னக்காவுக்கு வேறொன்று உறைத்தது.

"அட, அதான் விஷயமா? நான் நாலாங்கிளாஸ்ல ஃபெயில் தம்பி. கணக்குல பூஜ்யம். நான் அங்கேயே உக்காந்திருந்தா இவ வந்து சேர்ந்திருப்பா. ஆனா என்னைத் தூக்கி அஞ்சுல போட்டாங்க. பூஜ்யம் வாங்கின என்னை எதுக்குப் பாஸ் போட்டாங்கன்னு இத்தனை வருஷமா யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

"நீ யோசிக்க மாட்டே. கெட்டிக்காரின்னு நினைச்சிருப்பே," என்றார் பெரியக்கா.

மனுவைக் கொடுப்பது என்று அன்று முடிவாயிற்று. முடிவு செய்தது சின்னக்கா. பெரியக்கா மனுவில் கையெழுத்துப் போடும்போது, "இவ அட்டைக்கு ஏதாவது ஆகிற மாதிரி இருந்தா அந்த நிமிஷமே இதைத் திருப்பி வாங்கிடுவேன். அதுக்கு உங்க சம்மதம் வேணும்," என்றார். தந்தேன்.

பிரிவு மாற்றத்துக்கான கண்காணிப்பாளர் மூன்றாம் மாடியில் இருந்தார். மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பெரியக்கா நிற்க, நாங்களும் நின்று, ஏதோ சுவரைப் பார்ப்பதுபோல் பாவனை செய்தோம். கண்காணிப்பாளர் ஐம்பதுக்குள் இருக்கும் பெண்மணி. மேசையில் கூர் தீட்டிய பென்சில்கள் நீளவாக்கில் அடுக்கியிருந்தன. மனுவைப் பின்னால் வைத்துவிட்டு இணைப்புகளை முதலில் படித்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது.

"தங்கைன்னு ஏதோ பேச்சுவாக்குல எழுதியிருக்கலாம் இல்லையா?" என்றார்.

"பேச்சுவாக்குல அண்ணனைத் தம்பின்னோ அக்காவைத் தங்கச்சின்னோ யாராவது சொல்வாங்களா மேடம்? அதுவும் பெத்தவர் பக்கத்துல நிக்கும்போது."

"ஒரே வகுப்பில் வைக்க வேண்டாம்னு ஏன் போட்டிருக்கார்?"

நான் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டேன். கண்காணிப்பாளர் தலையை நிமிர்த்தி இருவரையும் பார்த்தார், அப்போதுதான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தார். கை மூக்குக் கண்ணாடிக்குப் போனது.

"துடைக்காதீங்கம்மா," என்றார் சின்னக்கா. "ரெண்டு பேர்தான்."

அவர் உதடு லேசாக அசைந்தது. உடனே பென்சிலை எடுத்துக்கொண்டார். "சரி, இரட்டையர்னே வெச்சுக்குவோம். அப்ப ஒரு தேதி தப்பு. எந்தத் தேதி? பெரியவங்களை முன்னால கொண்டு போறதா, சின்னவங்களைப் பின்னால தள்ளறதா? எனக்கு ரெண்டும் திருத்தம்தான்."

பெரியக்கா எழுந்தார். "மனுவைக் கொடுத்துடுங்கம்மா. எனக்கு ஒண்ணும் வேணாம்."

"உக்காரு."

"நீ சும்மா இரு. எங்க தப்பும்மா. வீட்டுக்குப் போறோம்."

"இருங்க," என்றார் கண்காணிப்பாளர். அவர் பார்வை இப்போது கணினித் திரையில் இருந்தது. "சின்னவங்க அட்டையில ஒரு மாசம் முன்னாடி ஒரு பதிவு இருக்கு. அரசு ஆஸ்பத்திரி, பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு முன் அனுமதி. முகம் பொருந்தியது. ரேகை பொருந்தவில்லை. நாலு முயற்சி." திரும்பினார். "உங்களுக்குப் பித்தப்பையில என்ன?"

சின்னக்கா வாயைத் திறந்தார். பெரியக்கா முந்திக்கொண்டார்.

"அது நான்மா. அவ அட்டையை எடுத்துக்கிட்டு நான்தான் போனேன். அவளுக்குத் தெரியாது."

"பொய். நான்தான் அனுப்பினேன், கூட நின்னேன்."

"இவளுக்கு எப்பவும் என் பேரைச் சொல்லித்தான் பழக்கம். அஞ்சு வயசுல ஆரம்பிச்சது."

நான் என் குறிப்பேட்டைக் குனிந்து பார்த்தேன். திறந்திருந்த பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பிறர் அட்டையைப் பயன்படுத்தினால் அட்டை ரத்து என்று வாசலிலேயே பலகை இருக்கிறது. நான் தினமும் அதற்குக் கீழேதான் குடையை மாட்டுகிறேன்.

கண்காணிப்பாளர் திரையையும் நகலையும் மாறிமாறிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், காணவில்லை. முடிச்சு எங்கே இருக்கிறது என்று நூலைத் தடவிப் பார்க்கிறவரின் முகம் அது.

"இந்தக் கேமரா, பொண்ணுக்கும் அம்மாவுக்கும்கூட முகம் பொருந்தலைன்னு சொல்லிடும்," என்றார் மெதுவாக. "அக்கா தங்கைன்னா நிச்சயம் சொல்லிடும். இங்க பொருந்துதுன்னு சொல்லியிருக்கு. ரேகை மட்டும் வேற. ஒரு வருஷம் இடைவெளியில பிறந்தவங்களுக்கு இப்படி வராது." பென்சிலால் நகலின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தார். "இது எங்க இயந்திரமே கொடுத்த சாட்சி. நீங்க ஏமாத்தப் போகாம இருந்திருந்தா என்கிட்ட இது இருந்திருக்காது."

நகலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சரி, எந்தத் தேதி தப்புங்கறது. சின்னவங்க வரியைப் பாருங்க. அஞ்சு முடிஞ்சு சேர்ந்திருக்காங்க. இவங்க தேதியை ஒரு வருஷம் தள்ளினா, சேர்ந்த அன்னிக்கு இவங்களுக்கு நாலு. நாலு வயசுல அப்ப சேர்க்க முடியாது. ஆக, அந்த வரி தானாவே நிக்குது. பெரியவங்க வரி நிக்கல. ஒரு கட்டத்துல அஞ்சு வயசுங்குது, இன்னொரு கட்டத்துல தங்கை ரெண்டாம் வகுப்புங்குது. தன் வாலைத் தானே கடிக்குது." பென்சிலைக் கீழே வைத்தார். "தப்பு இதுதான். பெரியவங்க முன்னால வர்றாங்க."

பெரியக்கா கேட்டது ஒன்றுதான். "அவ அட்டை?"

"அப்படியே இருக்கும்."

"அந்த நாலு சிவப்பு விளக்கு?"

கண்காணிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். "சிகிச்சை எதுவும் வாங்கல. வாங்காத பொருளுக்கு நான் என்ன கேஸ் போடறது? ஆனா இன்னொரு தடவை இவங்க விரல் இருக்கிற இடத்துல உங்க விரல் வந்தா ரெண்டு பேரையும் தூக்கிடுவேன். யாரு யாருன்னு பார்க்க மாட்டேன்."

"பார்த்தாலும் தெரியாதும்மா," என்றார் சின்னக்கா.

அதோடு முடியவில்லை. திருத்திய தேதியை உள்ளே ஏற்றியதும் கணினி சிவப்பில் ஒரு பெட்டியைக் காட்டியது: 'இந்நபர் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டுள்ளார்.' ஒரே தகப்பன் பெயர், ஒரே விலாசம், ஒரே தேதி, ஒரே முகம். ஒரு ஆளே இரண்டு அட்டை கேட்கிறார் என்று அது நினைத்துக்கொண்டது. ஒரு வருடம் தள்ளிவைத்திருந்த வரைக்கும் இரண்டு பேராகக் கண்ட கணினி, உண்மையைச் சொன்னதும் ஒருத்தியை அழிக்கப் பார்த்தது. கண்காணிப்பாளர் பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு, அவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, எங்கேயோ அடியில் ஒளிந்திருந்த 'இரட்டையர்' என்ற கட்டத்தைக் கண்டுபிடித்தார்கள். அதில் குறி போட்டதும் ஒரு கேள்வி எழுந்தது: பிறந்த வரிசை?

"யாரு மொதல்ல?" என்றார் கண்காணிப்பாளர்.

"நான்," என்றார் பெரியக்கா. "பத்து நிமிஷம்."

"அஞ்சு," என்றார் சின்னக்கா.

"பத்து."

"நிமிஷத்துக்குக் கட்டம் இல்லம்மா," என்று கண்காணிப்பாளர் ஒன்று என்று தட்டினார்.

உத்தரவு ஆறு நாளில் வந்தது. நகல் கடையில் அதற்கு மூன்று பிரதி எடுத்து, ஒன்றை என் கோப்பில் வைத்தேன். கோப்பின் மேல் 'பொருள்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, கடைசியில் 'பிறந்த தேதித் திருத்தம்' என்றே எழுதினேன். குறிப்பு என்ற இடத்தில் மட்டும் 'தங்கை' என்று எழுதினேன்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். வேலை எதுவும் இல்லை. அந்த விளக்கைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். பதிவு மேசையில் அதே ஆள். சகோதரிகள் இருவரும் வரிசையில் நெருங்குவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, டீ குடிக்கப் போகலாமா என்பதுபோல் கதவைப் பார்த்தார். அதற்குள் பெரியக்கா புது அட்டையை மேசையில் வைத்துவிட்டார்.

கேமராவில் முகம் காட்டினார். பச்சை.

"விரலை வைங்க."

பெரியக்கா வலது ஆள்காட்டி விரலை மேல்துணியில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. பின்னால் நின்றிருந்த சின்னக்காவின் கை என் முழங்கையைப் பிடித்தது. மறுபடி வைத்தார். சிவப்பு.

"ஊசி குத்தின விரல் சில நேரம் எடுக்காது. தையல் வேலையா?" என்றார் மேசைக்காரர். "இடது கையில சுண்டு விரல் வைங்க."

வைத்தார். பச்சை.

மேசைக்காரர் மூச்சை விட்டுவிட்டுத் திரையில் பெயரைப் படித்தார். பின்னால் நின்றவரைப் பார்த்தார். முன்னால் நின்றவரைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. இது நீங்களா, அவங்களா?"

"இந்தத் தடவை நான் நான்தான்பா," என்று பெரியக்கா படிவத்தை வாங்கிக்கொண்டு, எந்த வார்டு என்று கேட்டார்.